வைப்பு வட்டியில் வெட்டுப்படும் பத்து வீதம்

ஓமந்தையிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறி, வங்கிக் கவுண்டரில் நின்று "என்ர வட்டியில ஏன் பிள்ளை காசு குறையுது?" என்று கேட்கும் அம்மாமார் ஒரு பக்கம். "ஊர்க்காசுக்கு இங்க வரி இல்லை அம்மா" என்று லண்டனிலிருந்து தைரியம் சொல்லும் பிள்ளைகள் மறுபக்கம். இரண்டு பகுதிக்கும் பாதிதான் விளங்கியிருக்கிறது.

2023 ஜனவரியிலிருந்து ரூபா வைப்பு வட்டியில் 5 வீதம் வரியாகப் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம். 20 இலட்சத்தை 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் வருட வட்டி 160,000 ரூபா, அதில் 16,000 போய்விடும். ஆனால் ஊரில் இருப்பவருக்கு இது முற்பண வரி மட்டுமே. வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் வரியே இல்லை. வட்டியில் மட்டும் அந்த எல்லையைத் தொட, அதே 8 வீதத்தில் இரண்டேகால் கோடி வைப்பு வேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

இந்தப் பிடிப்பை நிறுத்த, முதலில் டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கம் எடுங்கள். அடையாள அட்டையோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதியலாம். பேரப்பிள்ளையைப் பிடித்தால் வேலை முடிந்தது.

அடுத்து, 18 இலட்சத்துக்குள்தான் வருமானம் என்ற சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுங்கள். வரியாண்டு ஏப்ரல் 1 தொடங்குவதால் அந்த மாதமே போவது நல்லது. போன வருடம் கொடுத்தேன் என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது. இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். கணக்குப் பார்க்கும்போது கடை வாடகை, மற்ற வங்கி வட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். பொய்ப் பிரகடனம் வேண்டாம். ஏற்கெனவே பிடித்த காசு வேண்டுமானால் வங்கியில் வரிச் சான்றிதழ் வாங்கி, நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கவுண்டரில் சண்டை பிடித்துப் பயனில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இனித்தான். வைப்பில் கிடக்கும் காசு யாருடையது? லண்டனிலிருக்கும் மகன் அதை அம்மாவுக்கென்றே கொடுத்துவிட்டால் வட்டி அம்மாவின் வருமானம். அம்மா பெயரில் போட்டுவிட்டு, எப்போது எடுப்பது, என்ன செய்வது என்று மகனே தீர்மானித்தால், பிரித்தானிய வரிச்சட்டத்தின் கண்ணில் வட்டி மகனுடையது. பின்னுரித்தாளர் பெயர் எழுதியதால் எதுவும் மாறாது. என் கட்சி இதுதான்: கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரிலேயே வையுங்கள். கூட்டுக் கணக்கு திறந்து குழப்பாதீர்கள். இலங்கைக் குடியுரிமையைக் கைவிட்டு வெளியில் வாழ்பவருக்கு அந்த 18 இலட்ச விலக்கும் கிடையாது. ஆகவே அம்மாவின் படிவத்தைக் காட்டி மகனின் வைப்புக்கு வரி நிறுத்தப் பார்க்கக் கூடாது.

வட்டி மகனுடையதென்றால், அவர் லண்டனில் காட்ட வேண்டியது கைக்கு வந்த 144,000 அல்ல, பிடிப்புக்கு முந்திய முழு 160,000. வரியாண்டும் அங்கே ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை, எனவே இலங்கைச் சான்றிதழை அப்படியே பெயர்த்தெழுத முடியாது. அடிப்படை வீதத்தில் வரி கட்டுபவருக்கு எல்லாச் சேமிப்பு வட்டியும் சேர்த்து 1,000 பவுண்வரை வரியில்லை. 40 வீதக்காரருக்கு 500தான். இந்த எல்லைக்கு மேலே உள்ள வட்டி 400 பவுண், வீதம் 40 என்று வையுங்கள்: வரி 160. இலங்கையில் பிடித்த 40ஐக் கழித்து 120 கட்டினால் போதும். இரு நாட்டு இரட்டைவரி ஒப்பந்தம் இலங்கைக்கு விட்டுக்கொடுப்பதும் அந்த 10 வீதம்வரைதான். ஆனால் அங்கே வரியே வராதவருக்குக் கழிக்க எதுவும் இல்லை, லண்டன் அந்த 40ஐத் திருப்பித் தராது.

கனடாவில் இந்தச் சேமிப்புச் சலுகை இல்லை, ஒவ்வொரு டொலர் வட்டியும் வருமானம். வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை ஒரு இலட்சம் டொலரைத் தாண்டினால் ரி-1135 படிவமும் உண்டு, வைப்பும் அதில் சேரும்.

லண்டன்காரர் விவரத்திரட்டை இணையத்தில் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி 31, கனடாவில் பெரும்பாலானோருக்கு ஏப்ரல் 30. கடைசி வாரத்தில் அம்மாவை வங்கிக்கு ஓடவைக்காமல், வரிச் சான்றிதழை முன்கூட்டியே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.