எந்த விமானம், எந்த ஆண்டு?

"இலங்கைக்கு ஜெட் வந்தது கிபிரோடுதானே?" வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கேள்வி திரும்பி வரும். வடக்கில் பங்கர் வெட்டி வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் இங்கு வந்தது 1996இல். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, 1959இல், ரோயல் சிலோன் விமானப்படையிடம் பிரித்தானியாவின் ஜெட் ப்ரொவோஸ்ட் விமானங்கள் வரத் தொடங்கிவிட்டன. மொத்தம் 12. பிறகு 1971இல் சோவியத் மிக்-17, 1991இல் சீனாவின் எஃப்-7.

நினைவு விமானங்களை ஒன்றாகக் கலந்துவிடும். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தின் மீது குண்டு வீசியதும் கிபிர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது கிபிர் வந்திருக்கவே இல்லை. பதிவாகியிருப்பது புக்காரா: ஆர்ஜன்டீனாவில் செய்த, இரண்டு ப்ரொப்பெல்லர் கொண்ட விமானம், ஜெட்டே அல்ல. பிளாஸ்டிக் கிட் வாங்கி மொடல் கட்டுகிறவருக்கும் இதே சிக்கல்தான் முதலில் வருகிறது. எந்த விமானம், எந்த ஆண்டு என்று தீர்மானிக்காதவர் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் பொய்யைத்தான் நேர்த்தியாக ஒட்டுகிறார்.

"பெட்டியில் மிக் என்று இருந்தால் போதும்"

போதாது. 1971இல் சோவியத் யூனியன் தந்தவை ஐந்து மிக்-17எஃப், ஒரு மிக்-15யூரிஐ. பிந்தையது இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். ஆகவே தனி இருக்கை மிக்-15 கிட்டில் இலங்கைச் சின்னத்தை ஒட்டி அலுமாரியில் வைத்தால், அது இந்த நாட்டில் ஒருபோதும் பறக்காத விமானம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. இறக்கையின் மேல் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய தகடுகளை எண்ணினால் மிக்-15இல் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மிக்-17இல் மூன்று. மிக்-15இன் இறக்கை 35 பாகை பின்சாய்ந்தது. மிக்-17இன் இறக்கை உடலருகே 45 பாகையும் வெளிப்பக்கம் 42 பாகையுமாக வளைந்து போகும். வாலுக்கு அடியில் ஒரு சிறு துடுப்பும் மிக்-17க்கு உண்டு. கடைகளில் கிடைக்கும் மிக்-17பிஎஃப் கிட்டிலும் ஆபத்து இருக்கிறது. அது ராடார் பொருத்திய வகை. மூக்கின் மேலுதடு முன்னுக்குத் துருத்திக்கொண்டிருக்கும். எஃப் வகையின் மூக்கில் அந்த உதடு இல்லை.

மிக்-17க்கு இரண்டு இருக்கை வகை சோவியத் நாட்டில் செய்யப்படவே இல்லை, மிக்-15யூரிஐயையே போதுமானதாகக் கருதினார்கள். பின்னாளில் இலங்கையில் பறந்த எஃப்ரி-5 அந்தக் குறையைத் தீர்க்கச் சீனா சொந்தமாக உருவாக்கியது. மிக்-27 காலத்திலும் இதே கதைதான்: அதற்கும் இரட்டை இருக்கை வகை கிடையாது, பயிற்சிக்கு மிக்-23யூபி.

எஃப்-7 பற்றியும் ஒரு சொல். அதை மிக்-21இன் அச்சுப்பிரதி என்று எண்ணி மிக்-21எஃப்-13 கிட் வாங்குவார்கள். இலங்கைக்கு வந்த எஃப்-7பிஎஸ்ஸில் விமானியின் கண்ணாடி மூடி பின்பக்கக் கீலில் திறக்கும். எஃப்-13இல் முன்பக்கக் கீல். மூடியைத் திறந்த நிலையில் ஒட்டினால் பிழை தூரத்திலிருந்தே தெரியும்.

"1971 கிளர்ச்சியை அடக்கப் பறந்தது மிக்"

ஏப்ரல் 5 அன்று பொலிஸ் நிலையங்கள் மீது தாக்குதல் தொடங்கியபோது நாட்டில் ஒரு மிக்கும் இல்லை. களஞ்சியத்தில் கிடந்த ஜெட் ப்ரொவோஸ்ட்களை வெளியே எடுத்து, ரொக்கெட் பூட்டித்தான் பறக்கவிட்டார்கள். மிக் பின்னரே வந்து சேர்ந்தது. ஏப்ரல் முதல் வாரக் காட்சியொன்றை அமைக்க விரும்புபவருக்குத் தேவைப்படுவது இருவர் அருகருகே உட்காரும், அழகு குறைந்த அந்தப் பயிற்சி விமானம்.

அதிலும் கவனம் வேண்டும். ஆயுதம் பூட்டிய ஜெட் ப்ரொவோஸ்ட் என்றதும் பலர் ஸ்ட்ரைக்மாஸ்டர் கிட்டைத் தேடுகிறார்கள். அது பின்னாளில் ரி.5 வகையிலிருந்து பிறந்தது. மூக்கும் விமானி அறையும் வேறு. இலங்கை வாங்கியது ரி.51, அதாவது ரி.3இன் ஏற்றுமதி வடிவம். ரி.3 கிட்டை எடுத்து, பிரித்தானியப் பயிற்சி விமானத்தில் இல்லாத இரு 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகளைச் சேர்ப்பதே சரியான வழி.

பெயர்ப் பலகையிலும் சறுக்க இடமுண்டு. நாடு குடியரசானது 1972 மே 22இல். "ரோயல் சிலோன் விமானப்படை, 1975" என்று எழுதிவைத்த மொடலைப் பற்றி மேலே பேச எதுவுமில்லை.

"கோடு ஆழமானால் உண்மை கூடும்"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1/72 அளவில் 11.26 மீற்றர் நீள மிக்-17 கிட்டத்தட்ட 15.6 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. அதன் மேல் ஊசியால் 0.3 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கோடு கீறினால், உண்மை விமானத்தில் அது 21.6 மில்லிமீற்றர் இடைவெளி. கட்டைவிரல் நுழையும் அந்த ஓட்டையோடு எந்த விமானியும் மேலே ஏறமாட்டார். தகடுகள் சேரும் இடத்தை மெல்லிய நிழலாகக் காட்டினால் போதும். வெள்ளி நிறத்துக்கும் இதையே சொல்லலாம். அலுமினியம் வெயில் மழையில் மங்கும், எஞ்சின் வாய்ப்பக்கம் சூட்டில் நிறம் மாறும். புது எவர்சில்வர் செம்பு போல மின்னும் மிக் கண்காட்சி நடுவரை வேண்டுமானால் மயக்கும்.

"நூதனசாலையில் உள்ளதே சான்று"

வெள்ளவத்தையில் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ் ஏறினால் காலி வீதி வழியே இரத்மலானை. அங்குள்ள விமானப்படை நூதனசாலையில் ஜெட் ப்ரொவோஸ்டையும் மிக்-17ஐயும் அருகில் நின்றே பார்க்கலாம். வடிவத்துக்கு, சக்கரக் கால்களுக்கு, தகடுகள் சேரும் விதத்துக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. நிறம் மட்டும் வேறு விஷயம். எந்த நாட்டு நூதனசாலையானாலும் ஓய்வுபெற்ற விமானத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிப்பார்கள், அடிக்கும் கை கையிருப்பில் உள்ள டப்பாவைத்தான் திறக்கும்.

பழைய வண்ணப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அறுபது, எழுபதுகளின் பிரிண்ட்கள் பலவற்றில் நீலச்சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் சிவப்பேறிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் நிறம் சொல்லாது. ஆனால் இலக்கம் எங்கே எழுதப்பட்டது, சின்னம் எவ்வளவு பெரியது என்பதைச் சரியாகச் சொல்லும். ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தப் படங்கள் பல வீட்டு அல்பங்களில்தான் கிடக்கின்றன. கட்டுநாயக்கவிலோ சீனன்குடாவிலோ வேலை பார்த்த அப்பாவோ பெரியப்பாவோ விமானத்தருகே நிற்கும் படம் உங்கள் வீட்டில் இருந்தால், வீடு மாறும்போது கழித்துவிடாதீர்கள். அதைத் தெளிவாக ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் மாதமும் ஆண்டும் இடமும் எழுதிவையுங்கள். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.