குடும்ப டாக்டர்களின் தொடர்கல்வி

மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெறும் டாக்டர் ஒருவர் முப்பது, நாற்பது ஆண்டுகள் தொழில் நடத்துகிறார். அவர் கற்ற பாடமோ அவ்வளவு காலம் மாறாமல் நிற்பதில்லை. பெரிய மருத்துவமனையில் பணிபுரிவோர் சக டாக்டர்களிடமிருந்து புதியனவற்றை அறிந்துகொள்ளுதல் கூடும். தனித்துத் தொழில் நடத்தும் குடும்ப டாக்டருக்கு அவ்வாய்ப்புக் குறைவு. இக்குறையை நீக்குவதற்கென ஏற்பட்டதே தொடர் மருத்துவக் கல்வியாகும்.

காசநோய் தரும் பாடம்

1950-ஆம் ஆண்டையொட்டிப் பட்டம் பெற்றோர், காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் ஊட்டமும் அளிப்பதே சிறந்த முறை எனக் கற்றனர். 1956-இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் ஆராய்ச்சி முடிவு 1959-இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தே மருந்து உண்டோரும் சானடோரியத்தில் தங்கியோரைப் போன்றே குணமடைந்தனர் என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் ரிஃபாம்பிசின் அடங்கிய குறுகிய காலச் சிகிச்சை வந்தது. 2012-இல், காசநோயாளி ஒவ்வொருவரையும் பற்றி அரசாங்கத்துக்கு அறிவித்தல் தனியார் டாக்டர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2017-இல் தேசியத் திட்டத்தில் வாரம் மும்முறை மருந்து என்பது மாறி, தினசரி மருந்து முறை நாடெங்கும் ஏற்பட்டது.

இம்மாறுதல்களை அறியாத டாக்டரிடம் செல்லும் நோயாளி, குறைந்த அளவிலோ குறைந்த காலத்துக்கோ மருந்து பெறக்கூடும். அதனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகி, குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் பரவுதல் கூடும். ஒருவருடைய அறியாமையின் கேடு ஒருவரோடு நிற்பதில்லை.

விதிகள்

மருத்துவர் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டின் விதிகள், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. 2020-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்பட்டது. அது 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிகள் அம்மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002-ஆம் ஆண்டின் விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. டாக்டர்களின் பதிவேட்டைப் பேணுவோர் மாநிலக் கவுன்சில்களாவர். மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விச் சான்று தேவை. இவ்விதி எல்லா மாநிலங்களிலும் ஒரே தன்மையதன்று.

கல்வி அளிப்போர்

இந்திய மருத்துவச் சங்கம் 1963-இல் பொது மருத்துவர்களுக்கெனத் தனிக் கல்லூரி அமைத்தது. சங்கத்தின் கிளைகளும் மருத்துவக் கல்லூரிகளும் சொற்பொழிவுகளும் பயிற்சிகளும் நடத்துகின்றன. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தொழிலை விட்டு வர இயலாத டாக்டர்களுக்காக அஞ்சல்வழிப் பாடங்களும் நேர்முகப் பயிற்சியும் இணைந்த குடும்ப மருத்துவப் படிப்பை நடத்தியுள்ளது. நோயாளியைப் பிற இடங்களுக்கு அனுப்புவதைக் குறைத்து, இயன்றவரை தாமே தீர்த்தல் அதன் நோக்கமாகும்.

இரு குறைபாடுகள்

முதலாவது, விதி கணக்கிடுவது அமர்ந்திருந்த நேரத்தையே, கற்றதை அன்று. சொற்பொழிவை மட்டும் கேட்பதைவிட, தம் நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து விவாதிப்பது சிகிச்சையைச் சீர்திருத்த மிகுதியும் உதவும். இரண்டாவது, கூட்டச் செலவை மருந்துக் கம்பெனி ஏற்குமாயின் பாடம் அதன் மருந்தின்பால் சாய்தல் இயல்பு. 2009-இல் செய்த திருத்தம், டாக்டர்கள் கம்பெனிகளிடமிருந்து பரிசும் பயண வசதியும் பெறுதலைத் தடை செய்தது. ஆயினும் பாடத்தின் நடுநிலையை விதி மட்டும் காத்துவிட இயலாது. கூட்டம் நடத்துவோரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

களப்பணியாளர் கடமை

சிற்றூர் டாக்டரைத் தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளரும் தொடர்கல்விக்குத் துணை செய்பவரே. புதிய சிகிச்சை முறை பற்றிய அரசாங்கச் சுற்றறிக்கையை அவரிடம் சேர்ப்பித்தல், நோய் அறிவிப்புப் படிவத்தை விளக்குதல், மாவட்டப் பயிற்சி நாளைத் தெரிவித்தல் ஆகியவை எளிய பணிகள். ஆசிரியர்களோ, மருந்தை இடையில் நிறுத்தலாகாது என்பதை மாணவர் வாயிலாக இல்லந்தோறும் உணர்த்தலாம். டாக்டர் கற்றதும் நோயாளி அறிந்ததும் ஒன்றுபடும்போதே சிகிச்சை முழுப்பயன் தரும்.