நாலு கோடும் நிற்கிறது, நெட் மட்டும் வரவில்லை

வைஃபை குறியில் கோடுகள் முழுசாக நிற்கின்றன. ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு." மறுநாள் அது சர்வீஸ் கடை மேசையில் கிடக்கும். வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கைதான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

இரண்டும் வேறு. அந்தக் கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள சிக்னலை மட்டும். ரூட்டருக்கு அப்பால் தெருமுனையில் ஃபைபர் கேபிள் அறுந்து தொங்கினாலும் கோடுகள் குறையாது. குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் அடிக்க வேண்டும். ரூட்டரின் லாகின் பக்கம் திறந்துவிட்டால் லேப்டாப்பின் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். கோளாறு அநேகமாக ரூட்டரிலோ அதற்கு வெளியிலோதான். ஃபைபர் மோடத்தில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒளி மோடம்வரை வந்து சேரவில்லை. அப்போது லேப்டாப்பை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை, இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்குத்தான் புகார் போக வேண்டும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. நெட்வொர்க் விவரத்தில் லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரோடு தொடர்பு இருக்கிறது, ஆனால் ரூட்டர் முகவரி ஒதுக்கவில்லை. விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. பந்தியில் உட்கார இடம் கிடைத்தும் இலை போடாத கதைதான் இது. ரூட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"போன்ல வருதே!" இதைவிட வலுவான சாட்சி வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் இது பல நேரம் பொய்ச்சாட்சி. வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் இன்றைய போன்கள் பல, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும். பழி லேப்டாப் மேல் விழும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சாட்சி செல்லும்.

அடுத்தது, "ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் சரியாகல" என்ற புலம்பல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபடி ஆன் செய்தால் அதையே எடுத்து விரிக்கிறது. சிக்கிக்கொண்ட வைஃபை டிரைவரும் சிக்கிய நிலையிலேயே திரும்ப வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் ரீஸ்டார்ட்தான் முழுமையானது.

சிக்னல் பற்றிய நம்பிக்கைகள் தனி ரகம். ரூட்டர் இரண்டு பெயர்களைக் காட்டும், ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கும். "நம்ம லேப்டாப் 5ஜி இல்லையே" என்று அதைத் தொடாமலே விடுபவர்கள் உண்டு. மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இதில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அங்கே கூட்டம் அதிகம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அந்த ஒரே பட்டையில்தான். அடுப்படியில் சாப்பாடு சூடாகும் நேரத்தில் மட்டும் வீடியோ கால் திக்குகிறது என்றால் அது பிரமை இல்லை.

இவற்றை விடவும் யாரும் சந்தேகப்படாத ஒரு திருடன் லேப்டாப்பிலேயே செருகியிருக்கலாம். யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பேக்கப் எடுக்கும்போதெல்லாம் வைஃபை படுத்துக்கொள்கிறது என்றால், டிஸ்க்கைச் சற்றே தள்ளி வைப்பதும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும்தான் வைத்தியம். புது ரூட்டர் வாங்குவது அல்ல.

"நெட்வொர்க் பெயரே லிஸ்ட்ல வரல, வைஃபை கார்டு போச்சு" என்பதும் அவசரத் தீர்ப்பே. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பாக இருந்தால் முதலில் ரூட்டரின் சேனலைப் பார்க்க வேண்டும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சேனல்கள்தான் வழக்கம்; இங்கே 13. ரூட்டர் தானாகவே 12 அல்லது 13க்குப் போய் உட்கார்ந்தால், அந்த நாட்டுக்கெனப் பூட்டப்பட்ட கார்டுகளுக்கு அது கண்ணில் படாது. சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்தினால் போதும். இன்னொரு காரணம், வைஃபை 6 ரூட்டர். பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகள் அதன் பெயரையே பட்டியலில் காட்டுவதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் காட்டும்.

ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வேலை செய்கிற லேப்டாப் சமீபத்தில் திரையோ கீலோ மாற்றப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையின் சட்டத்துக்குள் இருக்கிறது. மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக இறங்கிக் கார்டில் மாட்டப்படுகின்றன. ரிப்பேரின்போது அவை நசுங்கினாலோ திரும்ப மாட்டப்படாமல் விட்டாலோ, கார்டு நன்றாக இருந்தும் சிக்னல் சுருங்கிவிடும்.

பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு தளமும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால், கடிகாரத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாது. வைஃபை மேல் தப்பே இல்லை.

'நெட்வொர்க் ரீசெட்' என்ற பொத்தானை முதல் மருந்தாகச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை: சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளெல்லாம் அதோடு போய்விடும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். ஓடினால் கார்டு பிழைத்திருக்கிறது, ரூட்டரைக் கவனியுங்கள். டிரைவரைப் புதுப்பித்தும் எந்த நெட்வொர்க்கிலும் சேரவில்லை என்றால் மட்டும் கார்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.