விகுதி மாறினால் மதிப்பும் மாறுமா?

மாணவர்களே! 'தோழன்' என்பதற்குப் பெண்பால் 'தோழி'. 'தலைவன்' என்பதற்குத் 'தலைவி'. இவற்றில் விகுதி மாறும்போது பால் மட்டுமே மாறுகிறது. எல்லாச் சொற்களும் இப்படித்தானா? ஆராய்ந்து பார்ப்போம்.

'தாசன்', 'தாசி' என்னும் இணையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியவன், அடியவள் என்பதே இவற்றின் நேர்ப்பொருள். புதுவைக் கவிஞர் சுப்புரத்தினம், பாரதியாரிடம் கொண்ட பற்றினால் 'பாரதிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்பெயரை நாம் மதிப்புடன் சொல்கிறோம். ஒரு பெண்ணைத் 'தாசி' என்றாலோ அது வசை!

இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? நம் நாஞ்சில் நாட்டிலேயே இதற்கு விடை உண்டு. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் முன்பு தேவதாசிகள் இருந்தனர். இறைவனுக்கு அடியவள் என்பதே அப்பெயரின் பொருள். ஆடலும் பாடலும் கற்றுக் கோயில் பணி செய்தவர்கள் அவர்கள். நாளடைவில் தேவதாசி முறை, பொருள் படைத்த ஆண்கள் அப்பெண்களைத் தம் விருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள இடம் தந்தது. பழியோ பெண்களின் பெயர்மீதே விழுந்தது. 

அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கு 1930-இல், சேது லட்சுமிபாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, இம்முறை ஒழிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுநாள் போராடினார். 1947-இல் சட்டம் வந்தது. முறை ஒழிந்தும் சொல்லில் ஏறிய கறை போகவில்லை.

இன்னோர் இணை: 'கூத்தன்', 'கூத்தி'. இரண்டும் கூத்து ஆடுபவரையே குறித்தன. கூத்தன் என்பது நடராசருக்குப் பெயர். ஒட்டக்கூத்தர் சோழர் அவைப் புலவர். 'கூத்தி'யோ வைப்பாட்டி என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'மாஸ்டர்' என்றால் தலைவன், வல்லவன். அதன் பெண்பாலான 'மிஸ்ட்ரஸ்' முதலில் வீட்டுத் தலைவியைக் குறித்தது. பின்னர் ஆசைநாயகி என்ற பொருளும் அதில் ஏறியது. 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்னும்போது பழைய மதிப்பு நிலைத்திருக்கிறது.

ஆகவே குற்றம் விகுதியில் இல்லை. ஆணை அவன் தொழிலால் அளந்து, பெண்ணை ஓர் ஆணோடு சேர்த்து அளந்த சமுதாயமே சொல்லின் பொருளைத் திரித்தது. பேசுவோர் மாறினால் சொல்லும் மாறும். பேசுவோரில் நீங்களும் உண்டல்லவா?

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி: கணவனை இழந்தவளைக் குறிக்க நம் பேச்சில் எத்தனை சொற்கள் உள்ளன? மனைவியை இழந்தவனைக் குறிக்க எத்தனை? இரண்டையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.