அழுத்தம், ஓட்டம், தடை, வலு

தமிழாசிரியர் மின்னியல் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என வினவுவார் உளராகலாம். ஓமின் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவர் பலர், தம் வீட்டுக் கேத்தல் எத்துணை மின்னோட்டத்தை இழுக்கின்றது எனக் கேட்டவிடத்து வாளா நிற்பதைக் கண்டுள்ளோம். அவர்க்குக் குறைவது கணிதமன்று, சொற்பொருளே. ஆதலின் இஃது எம் எல்லைக்கு உட்பட்டதெனவே கொண்டோம்.

மின்னேற்றத்தை உந்துவது அழுத்த வேறுபாடு; அதன் அலகு வோல்ற்று. ஒரு செக்கனிற் கடக்கும் ஏற்றத்தின் அளவு ஓட்டம், அலகு அம்பியர். ஓட்டத்தை எதிர்க்கும் பண்பு தடை, அலகு ஓம். ஒரு செக்கனிற் செலவாகும் சக்தி வலு, அலகு வாற்று. தமிழகத்துப் பாடநூல்கள் வலுவைத் திறன் என்றும், சக்தியை ஆற்றல் என்றும் வழங்கும். இரு கரை நூல்களையும் கற்கும் மாணவர் இவ்வேறுபாட்டை முதலிலேயே குறித்துக்கொள்வது நன்று.

தடைக்குத் தம் பெயரை ஈந்த ஜோர்ஜ் சைமன் ஓம் (1789–1854) ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எமக்கு உவகை தருவது. செருமனியின் எர்லாங்கன் நகரிற் பூட்டுச் செய்வார் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்து, கொலோன் நகரப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். 1827இல் அவர் வெளியிட்ட நூலை அந்நாட்டு அறிஞர் பலர் மதித்திலர். 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் கொப்ளிப் பதக்கம் அளித்தது. அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டின் பின், 1881இற் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை வரும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வலு வரும். அழுத்தம் கூடினாற் தடையும் கூடுமோ எனச் சிலர் மயங்குவர். அழுத்தம் இருமடங்கானால் ஓட்டமும் இருமடங்காகும். ஆதலின் ஈவு மாறாது. தடை கம்பியின் நீளம், தடிப்பு, பொருள், வெப்பநிலை ஆகியவற்றைச் சார்ந்தது.

வெப்பநிலை என்பதை நாம் வீணே சேர்க்கவில்லை. 230 வோல்ற்றுக்குரிய 60 வாற்று இழைக்குமிழ் ஒன்று 0.26 அம்பியர் ஓட்டத்தை எடுக்கும்; எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். அதே குமிழைக் குளிர்ந்த நிலையில் ஓம்மானியால் அளந்தால், அதிற் பத்திலொரு பங்கும் தேறாது. கருவி பழுதென்று எண்ணற்க. தங்குதன் இழை சுடச்சுடத் தடை ஏறுகின்றது. குமிழ்கள் பெரும்பாலும் ஆளியை இடும் கணத்திலேயே அற்றுப்போவதும், அக்கணத்திற் பாயும் பேரோட்டத்தாலேயாம்.

ஒரு கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு தடையைப் பெருக்கிய அளவினது என 1841இல் நிறுவியவர் யூல் என்னும் ஆங்கிலேயர். இதனை வீட்டார் அனைவரும் அறிதல் வேண்டும். 2000 வாற்றுக் கேத்தல் 8.7 அம்பியரை இழுக்கும். பழைய வட்டமுளைக் குதைகளிற் சிறியது 5 அம்பியருக்கே அமைந்தது. அஃது 1150 வாற்றுக்கு மேல் தாங்காது. மாற்றுச் செருகி ஒன்று கைவசம் இருப்பதனாலேயே கேத்தலை அதிற் பொருத்துவார் உளர். செருகி பொருந்தும், கம்பி பொருந்தாது. விழாக் காலத்து மண்டபத்திற்கு மெல்லிய நீள்கம்பி இழுப்போரும் இதனை எண்ணுக. அக்கம்பியின் தடை 1 ஓம் மட்டுமே ஆயினும், 8.7 அம்பியர் பாயும்போது கம்பியிலேயே 76 வாற்று வெப்பம் பிறக்கும். சுருட்டி வைத்த கம்பியாயின் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உறையை உருக்கும்.

இதனினும் கொடியது தளர்ந்த முனை. அதன் தடை அரை ஓம் எனக் கொள்வோம். மேற்சொன்ன ஓட்டத்தில் ஒரு திருகாணியளவு இடத்தில் 38 வாற்று வெப்பம் குவியும். உருகி இதைத் தடுக்காதா எனின், தடுக்காது. உருகி அறிவது ஓட்டத்தின் மிகையை மட்டுமே. இங்கு ஓட்டம் மிகவில்லை, சிறிது குறைந்தே உளது. கருகிய மணமும், குதையின் மஞ்சட் கறையுமே நமக்குக் கிடைக்கும் அறிவிப்பு. அவற்றைக் கண்டால் அக்குதையைப் பயன்படுத்தாது, மின்வினைஞரை அழைப்பதே செயற்பாலது.

மின்வழியின் கடைக்கோடியில் உள்ள வீட்டில் அழுத்தம் 200 வோல்ற்றாகக் குறைந்தால் கேத்தல் என்னாகும்? அதன் தடை 26.45 ஓம். 200இன் வர்க்கத்தை இதனால் வகுக்க 1512 வாற்று வரும். அழுத்தம் எட்டிலொரு பங்களவே குறைய, வலுவோ நாலிலொரு பங்கு குறைந்தது. தேநீர் தாமதிப்பதற்குக் கேத்தலைக் குறைகூறிப் பயனில்லை.

இக்கணக்குகள் கேத்தல், மின்னழுத்தி, இழைக்குமிழ் போல்வனவற்றுக்கு நேரே பொருந்தும். ஆடலோட்டத்தில் இயங்கும் விசிறி, நீரிறைக்கும் மோட்டர் முதலியவற்றுக்கு வலுக்காரணி என்னும் ஒன்றையும் பெருக்குதல் வேண்டும். இக்காலத்து ஒளிகாலும் இருவாயிகளோ ஓமின் விதிக்கு அடங்குவன அல்ல.

மாணவர்க்கு ஒரு கணக்கு. தகட்டில் 230 வோல்ற்று, 1000 வாற்று எனப் பொறித்த மின்னழுத்தியை 5 அம்பியர்க் குதையிற் பொருத்தலாமா? அதே குதையிலிருந்து 60 வாற்று இழைக்குமிழ்கள் மூன்றையும் உடன் எரிக்கலாமா? முதலாவதற்கு விடை 4.35 அம்பியர், பொருத்தலாம். இரண்டாவதற்கு 5.13 அம்பியர், ஆகாது.