கரையிறங்கி எதைப் பார்ப்பது?

கேள்வி: சென்னையிலிருந்து திருகோணமலை செல்லும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். கரையிறங்கியதும் எந்தப் பழைய இடத்தைப் பார்க்கலாம்? எழுபது வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள்.
– வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: கப்பல் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை முதலில் கேளுங்கள். அரை நாள்தான் என்றால் ஊரைத் தாண்ட வேண்டாம். கோணேசுவரம் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் போதும்.

முழு நாள் கிடைத்தால் பொலன்னறுவைதான் என் தேர்வு. 100 கிலோமீட்டருக்கு மேல். போகவே இரண்டரை மணி நேரமாவது ஆகும். பலரும் சொல்லும் சிகிரியா பாறைக் கோட்டையில் ஏறத்தாழ 1,200 படிகள், அம்மாவுக்கு ஆகாது. பொலன்னறுவையோ சமதரை. 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஈழத்தில் தலைநகராகக் கொண்ட ஊர் அது. இராசேந்திரனின் தாய் பெயர் தாங்கிய வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்கிறது. உங்கள் ஊர் கோதண்டராமர் கோயில் தூண்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள்.

தூரப் பயணத்துக்குக் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவையே எடுங்கள். திரும்பத் தாமதமானால், வழக்கமாக அந்தப் பயணிகளுக்காகத்தான் கப்பல் காத்திருக்கும்; தனி வேனில் போனால் அந்த உறுதி இல்லை. கோயில்களில் சூடான கல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டிவரும். அம்மாவுக்குக் காலுறை எடுத்துச் செல்லுங்கள்.