பம்ப்செட் கொட்டகை ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறக்கலாம்?

கிணற்றடிக் கொட்டகையில் கேமராவும் இணையவழி இயங்கும் ஸ்டார்ட்டரும் பொருத்திய உழவர்கள் சிலர், வெளியூரிலிருந்து அவற்றை இயக்க ரூட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட்டைத் திறந்து விடுகின்றனர். இது விரும்பத்தக்கதன்று. திறந்த மடையில் யார் வீட்டு மாடும் வாய் வைக்கும். 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற தீய நிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. கேமரா போனால் போகட்டும். நடுச்சாமத்தில் எவரோ மோட்டாரைப் போட்டு, நீர் வற்றிய கிணற்றில் அது ஓடினால் காயில் கருகிவிடும்.

இதற்கு மாற்று, ரூட்டருடன் தனியே ஒரு வி.பி.என். கருவியை இணைப்பதாகும். இது மொபைலுக்கும் தோட்டத்துக்கும் இடையே பூட்டிய தனிவழி அமைக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில், கட்டணமின்றிக் கிடைக்கும் வயர்கார்டு நிரலை நிறுவினால் போதும். உரிய சாவியில்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது.

கருவி வாங்குமுன் ரூட்டரின் 'வேன் ஐ.பி.' முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால் அது பலருக்குப் பொதுவான இணைப்பு. போர்ட் திறந்தும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் தனி ஐ.பி. கேட்டுப் பெற வேண்டும்.

கருவிக்கு ரூட்டரில் நிலையான முகவரி, எடுத்துக்காட்டாக 192.168.50.10, ஒதுக்க வேண்டும். 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் 51820 போர்ட்டை அம்முகவரிக்குத் திருப்ப வேண்டும். வகை யு.டி.பி.; டி.சி.பி. என்று குறித்தால் இணையாது. பழைய போர்ட்டுகள் அனைத்தையும் நீக்குவதுடன், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க இடந்தரும் யு.பி.என்.பி. வசதியையும் நிறுத்திவிட வேண்டும்.

பலரும் தடுமாறுவது இதற்குப் பின்புதான். வி.பி.என். இணையும், கேமரா தெரியாது. மொபைலுக்கு வி.பி.என். கருவி தரும் முகவரி, 10.8.0.2 என்று கொள்வோம், வேறு வரிசையைச் சேர்ந்தது. கேமரா தன் விடையை ரூட்டரிடம் கொடுக்கிறது. அந்த வரிசை எங்கிருக்கிறது என்று ரூட்டருக்குத் தெரியாது. வாய்க்கால் வெட்டாத வயலுக்கு நீர் எப்படிப் பாயும்? ஆகவே 'ஸ்டாட்டிக் ரூட்' பகுதியில் 10.8.0.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.50.10 என்று பதிய வேண்டும். கருவியில் 'ஐ.பி. ஃபார்வர்டிங்' இயங்க வேண்டும். மொபைலிலுள்ள வயர்கார்டில், அனுமதித்த முகவரிகளில் 192.168.50.0/24 இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது மொபைலில் வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் பாருங்கள். முதலில் கேமரா, அது தெரிந்த பிறகே ஸ்டார்ட்டர், அதுவும் கிணற்றடியில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு.